பக்கத்து இருக்கை

விபத்து நடந்து பத்தொன்பதாவது நாளில்தான் அக்காவுக்கு அந்த நோட்டைக் கோடு போட்டுக் கொடுத்தேன். தேதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தபோது, உடம்பில் எங்கே, எவ்வளவு நேரம் என்று ஐந்து பத்திகள். வலியை ஒரு மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அன்றன்றைக்கு எழுதி வைத்தால் அதுவே சாட்சி என்று என் மாலை வகுப்பு ஆசிரியர் சொல்லியிருந்தார். அலுவலகக் கடிதங்களும் கோப்பு வைக்கும் முறையும் கற்றுக்கொடுக்கும் வகுப்பு அது. பகலில் செருப்புக் கடையில் பெட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு ஆறரைக்கு அங்கே போய் உட்காருவேன். அப்போது ஆறாவது பாடம்தான் முடிந்திருந்தது. ஆறாவது பாடம் விடுப்பு விண்ணப்பம்.

நான் மாடி அறையில் குடியிருந்தேன். கீழே தெருவைப் பார்த்தபடி, நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவரின் முடிதிருத்தும் கடை. அதன் பின்னால் ஓர் அறையும் ஒரு சமையலறையும். அண்ணனின் மனைவியைத்தான் அக்கா என்று சொல்கிறேன். அவள் பாட்டில் தொழிற்சாலையில் 'பார்க்கிற' வேலையில் இருந்தாள். வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் பெல்ட்டில் பாட்டில்கள் வரிசையாகப் போகும். விரிசல் உள்ளதை மட்டும் கையை நீட்டி எடுத்துவிட வேண்டும். இருபது நிமிடம் பார்த்தால் இருபது நிமிடம் கண்ணுக்கு ஓய்வு. பதினெட்டு வருடம் அப்படிப் பார்த்திருக்கிறாள். பாட்டிலைப் பார்க்கக் கூடாது, அதற்குப் பின்னால் இருக்கிற வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும், வெளிச்சம் எங்கே இடறுகிறதோ அங்கே விரிசல் என்று எனக்கு ஒருமுறை சொன்னாள். நல்ல பாட்டில் ஒன்றைக்கூட அவள் தப்பாக எடுத்ததில்லை என்று தொழிற்சாலையில் பேர்.

அன்று காலை முதல் ஷிப்டுக்குப் போகும் பேருந்து, மழையில், பாலத்துக்கு முந்தைய வளைவில் சறுக்கி, நின்றிருந்த லாரியின் பின்பக்கத்தில் மோதியது. அக்கா இடது பக்கம் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம். தலை முன்கம்பியில் அடித்தது. ஏழு தையல். எட்டு நாள் ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரிக்கே ஒரு வக்கீல் வந்து அட்டை கொடுத்துவிட்டுப் போனார். கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு.

"மூணுல ஒரு பங்காம்," என்றார் அண்ணன், கத்தரியைத் துடைத்துக்கொண்டே. "அடிபட்டது இவ தலை. அதுல மூணுல ஒரு பங்கு அவருக்கு வலிச்சுதா? நானும் இருபத்தஞ்சு வருஷமா ஊரான் தலையிலதான் பொழைக்கிறேன். ஆனா வெட்டினது தெரியிற மாதிரி வெட்டுவேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நம்ம மாடி மேடம் இருக்காங்க. படிக்கிறாங்க. நாமளே கேப்போம்."

"எனக்கு அவ்வளவு தெரியாதுண்ணே."

"தெரியாதுன்னு சொல்றவங்களைத்தான் நம்பலாம். தெரியும்னு வந்தவரோட அட்டை அங்க கிடக்கு பாருங்க, குப்பைக்கூடையில."

இப்படித்தான் நான் இதற்குள் வந்தேன். ஒரு கோப்பு வாங்கி நான்கு பிரிவாகப் பிரித்தேன்: நடந்தது, உடம்பு, வேலை, தாள்கள். ஆசிரியரிடம் கேட்டுக் கேட்டு ஒரு தாளில் எழுதி, முதல் பக்கத்தில் ஒட்டினேன். போனில் எதையும் சொல்லாதே, எழுத்தில் கேள். முதலில் சொல்லும் தொகைக்குக் கையெழுத்துப் போடாதே. சிகிச்சை எங்கே முடியும் என்று டாக்டர் சொல்லும்வரை காத்திரு. கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் நகல் வை.

தினமும் காலை கடைக்குப் போகும் முன் இறங்கி வந்து சமையலறையில் உட்காருவேன். அக்கா டீ ஆற்றிக்கொண்டே சொல்வாள், நான் எழுதுவேன். மழைக்காலம் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. சமையலறைச் சுவரில் ஈரம் ஒரு ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது.

"ராத்திரி ரெண்டு தடவை முழிப்பு. கழுத்து."

"எவ்வளவு நேரம்க்கா?"

"வலிக்கிறப்ப கடிகாரத்தையா பார்ப்பாங்க? சரி, அரை மணின்னு போடு."

"அரை மணி இருந்துதா, இல்ல நான் கேட்டதுக்காகச் சொல்றீங்களா?"

"அடேயப்பா. இன்சூரன்ஸ்காரன் தேவலாம் போல."

இருபத்தாறாவது நாள் அவள் டீ ஆற்றவில்லை. அடுப்புக்கு எதிரில் சுவரோரம் கிடக்கும் மர ஸ்டூலைப் பார்த்தபடி நின்றாள்.

"எழுது. காலைல ஆறேமுக்கால். அவர் வந்தார். உக்காந்தார்."

"யாருக்கா?"

"பஸ்ல என் பக்கத்துல இருந்தவர்."

அதுவரை அவள் அந்த மனிதரைப் பற்றிச் சொன்னதே இல்லை. மோதியதும் அவர்தான் அவள் தலையை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாராம். 'கண்ண மூடாதீங்க, என்னையே பாருங்க' என்று ஆம்புலன்ஸ் வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஐம்பது வயதிருக்கும். மோவாயில் ரத்தம். முழுக்கைச் சட்டை நனைந்திருந்தது.

"இப்பவும் இருக்காரா?"

"நீ இறங்கி வர்ற சத்தம் கேட்டதும் போயிட்டார்."

"பேசினாரா?"

"இல்ல. பஸ்ல பார்த்த மாதிரியே பார்த்தார்."

நேரத்தை எழுதினேன். என்ன செய்துகொண்டிருந்தபோது: டீ. உடம்பில் எங்கே என்ற பத்தியில் பேனா நின்றது. காலியாக விட்டேன். என் அறைக்குப் போய் என் சொந்த டைரியில், அது காலியாக விட வேண்டிய பத்திதானா என்று எழுதினேன். இன்றுவரை தெரியவில்லை.

எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் என்றால் நல்ல சாட்சி. விடுமுறை நாளில் பேருந்துப் பணிமனைக்குப் போனேன். நடத்துனர் முழங்காலில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நல்லவர். ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினார்.

"அந்தம்மா பக்கத்துல ஒருத்தர் இருந்தார்தான். ஆனா பாலத்துக்கு முந்தின நிறுத்தத்தோட அவர் டிக்கெட் முடிஞ்சுது. இறங்கிட்டார்."

"இறங்கினதைப் பார்த்தீங்களா?"

"டிக்கெட் முடிஞ்சா இறங்காம என்னம்மா பண்ணுவாங்க? மோதினப்ப அந்த சீட்டுல காத்துதான் உக்காந்திருந்துச்சு. அறிக்கையிலயும் அப்படித்தான் இருக்கு. பதினோரு பேர். நானும் டிரைவரும் தனி."

அறிக்கையின் நகல் வாங்கினேன். பதினோரு பேர். இடது பக்கம், மூன்றாவது வரிசை, நடைபாதை ஓரம்: காலி.

அக்காவிடம் சொன்னேன். நகலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"முன்னாடியே இறங்கினவர் எப்படி என் தலையைப் பிடிச்சார்?"

அண்ணன் அன்று சாயங்காலம் ஸ்டூலைத் தூக்கிக் கடைக்குள் போட்டுவிட்டார். வாடிக்கையாளருக்கு வேண்டும் என்றார். மறுநாள் காலை நான் இறங்கி வந்தபோது இருவருக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"அதைக் கொண்டுவந்து போடுங்க."

"எதுக்கு?"

"இப்ப நிக்கிறார். காலைலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கார். பாவமா இல்ல?"

"நான் ஒருத்தன் நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை செய்யறேன். ஒரு நாளாவது பாவம்னு சொன்னியா?" என்றார் அண்ணன். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவருக்கே சிரிப்பு வரவில்லை. போய் ஸ்டூலை எடுத்து வந்து அதே இடத்தில் போட்டார். கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டோமோ என்று குனிந்து நகர்த்தி வேறு வைத்தார்.

இரண்டாம் மாதம் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கக்கத்தில் பழுப்புக் கோப்போடு நனைந்து வந்ததால் அண்ணன் அவருக்குக் கோப்புக்காரர் என்று பேர் வைத்தார். உட்கார வேறு இடமில்லாமல் முடிவெட்டும் நாற்காலியிலேயே உட்கார்ந்து, கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடி பேசினார்.

"தையல் ஆறிடுச்சு. ஸ்கேன்ல வீக்கம் வத்திடுச்சு. எங்க கணக்குப்படி இது சாதாரணக் காயம்மா. இந்தத் தொகைக்கு இப்பவே கையெழுத்துப் போட்டா அடுத்த வாரம் வந்துடும்."

"அவங்க இன்னும் வேலைக்குப் போகல," என்றேன். "டாக்டர் முடிவா எதுவும் சொல்லல. இப்ப போட முடியாது. எழுத்துல கொடுங்க."

"நீங்க யாரும்மா?"

"மாடில குடியிருக்கேன்."

கண்ணாடிக்குள் என்னைச் சற்றுநேரம் பார்த்தார். "நல்லது," என்றார். கேலியாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

"வந்தது வந்தீங்க, பின்கழுத்தைக் கொஞ்சம் சரி பண்ணிவிடவா?" என்றார் அண்ணன். "லஞ்சம் இல்ல. பார்க்கச் சகிக்கல."

அதற்கு அடுத்த வாரம் அக்கா ஒரு நாள் சோதனைக்காக வேலைக்குப் போனாள். மதியமே திரும்பி வந்துவிட்டாள். பையில் ஒரு பாட்டில் இருந்தது. அதை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"இந்த மாதிரி பதினாலு எடுத்தேன். மேற்பார்வையாளர் எல்லாத்தையும் துடைச்சு என் முன்னால வெச்சார். ஒண்ணுலயும் விரிசல் இல்லைங்கிறார்."

நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். வெளியே மழை விட்டு வெளிச்சம் தெளிவாக இருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியல," என்றார் அண்ணன்.

"கழுத்துக்குக் கீழ, பாட்டிலோட தோள்ல பாருங்க. இதோ, வளைஞ்சு கீழ இறங்குது."

அவள் காட்டிய இடத்தில் விரலை வைத்துத் தடவினேன். வழவழவென்று இருந்தது. அவளும் தடவினாள். பிறகு நகத்தால் சுரண்டினாள்.

"இவ்வளவு நல்லா தெரியுதே," என்றாள்.

அன்று அவள் என்னிடம் வலியைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள்தான் ஒன்று கேட்டாள். "இல்லாத விரிசல் தெரியுதுன்னா, இல்லாத ஆளும் தெரியலாம்தானே?" நான் குனிந்து நோட்டில் தேதி போட்டேன். தெரியாதுக்கா என்றாவது சொல்லியிருக்கலாம்.

நரம்பு டாக்டர் என் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதிக்கொண்டு வந்ததில்லை என்று பாராட்டினார். எனக்குக் காது சூடாகியது. மூளையில் பட்ட அடியால் இல்லாத உருவங்கள் தெரிகின்றன, கண்ணை நம்பிச் செய்யும் வேலை இனி கூடாது, சிகிச்சை ஒரு வருடத்துக்கு மேலாகும் என்று எழுதிக் கொடுத்தார். அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். "மருந்து சாப்பிட்டா அவர் வரமாட்டாரா?" மெதுவாக நின்றுவிடும் என்றார் டாக்டர், ஆறுதலாக.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எங்கள் கோரிக்கைக் கடிதத்தை அக்கா பேரில் மூன்று இரவு எழுதினேன். மூன்றாவது பக்கத்தில் இந்தப் பத்தி வந்தது: 'விபத்தின்போது என் பக்கத்து இருக்கையில் எவரும் இல்லை என்பதை இப்போது அறிகிறேன். ஆயினும் அங்கே ஒருவர் இருந்ததாகவும் அவர் என்னைக் காப்பாற்றியதாகவும் நான் நம்பினேன். அவர் இன்றும் என் வீட்டில் என் கண்ணுக்குத் தெரிகிறார். இதுவே இந்த விபத்து எனக்குச் செய்த ஆகப் பெரிய காயம்.' எழுதி முடித்ததும் எழுந்து நின்று வாசித்துப் பார்த்தேன். என் வகுப்பில் நான் எழுதிய எதுவும் இவ்வளவு நன்றாக வந்ததில்லை.

கீழே வந்து வாசித்துக் காட்டினேன். அக்கா கேட்டு முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

"அந்த நாலு வரியை எடுத்துடு."

"அதான்க்கா முக்கியமே. நடத்துனர் சொன்னது, அறிக்கை, டாக்டர் சர்டிபிகேட், எல்லாம் ஒண்ணாச் சேர்ற இடம் அது. அது இல்லேன்னா பழைய தொகைக்கே வந்துடுவாங்க."

"அவர் இல்லேன்னு நான் கையெழுத்துப் போடணுமா?"

"இல்லாதவரைத்தானே இல்லேன்னு சொல்றோம்," என்றார் அண்ணன். "யாருக்கு என்ன நஷ்டம்? சொல்லு. அவரா வந்து கேக்கப்போறார்?"

"என் தலையைப் பிடிச்சிருந்தார்ங்க. அந்தக் கை சூடா இருந்துது."

"எனக்கும் கை இருக்கு. நானும் ஆஸ்பத்திரில எட்டு நாள் உன் தலையைப் பிடிச்சிருந்தேன். என்னைப் பத்தி ஒரு வரி இருக்கா அதுல?"

அக்கா சிரித்துவிட்டாள். அண்ணனும் சிரித்தார். பிறகு அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். "வைத்தியம் ஒரு வருஷத்துக்கு. கடையில எத்தனை தலை விழும்னு உனக்கே தெரியும். மழைக்காலத்துல எவனும் முடிகூட வெட்டிக்க வரமாட்டேங்கிறான். போடு."

அக்கா ஜன்னலில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். பேனாவை வாங்கி மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். போடும்போது ஸ்டூல் இருந்த பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆறு வாரத்தில் கேட்டதில் பெரும்பகுதி வந்தது. ஆசிரியர் வகுப்பில் என் கடிதத்தை எழுந்து வாசிக்கச் சொன்னார். நான் அந்தப் பத்தியை விட்டுவிட்டு வாசித்தேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

கையெழுத்துப் போட்ட மறுநாளிலிருந்தே அவர் வரவில்லை. மருந்து அன்றைக்கு இன்னும் தொடங்கியிருக்கவில்லை. காலை ஆறேமுக்காலுக்கு அக்கா டீயை வைத்துக்கொண்டு சமையலறையில் நிற்பாள். நான் படியில் சத்தம் வராமல் இறங்கப் பழகிக்கொண்டேன்.

"இன்னைக்கும் வரலம்மா."

"நல்லதுதானேக்கா. குணமாகுது."

"ஆமா. குணமாகுது," என்பாள். "கோவிச்சுக்கிட்டுப் போன மாதிரி இருக்கு."

அவளுக்குத் தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி மடிக்கும் பிரிவில் வேலை கொடுத்தார்கள். பாட்டில்களின் சத்தம் மட்டும் அங்கேயும் கேட்கும் என்றாள். பேருந்தில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொள்வதாகவும், யாராவது வந்து கேட்டால் எழுந்து நின்றுவிடுவதாகவும் அண்ணன்தான் என்னிடம் சொன்னார். வாடிக்கையாளர் ஒருவர் பார்த்திருக்கிறார்.

நான்கு மாதம் கழித்துக் கோப்புக்காரர் மறுபடி வந்தார். மழை இல்லை, நல்ல வெயில். இந்தமுறை முடிவெட்டும் நாற்காலியில் உட்காரவில்லை. சமையலறை வரை வந்து நின்றார். அண்ணன் அவருக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அக்கா, "அதுல வேண்டாம்," என்றாள். அவர் நின்றபடியே பேசினார்.

"ஒரு சின்ன விஷயம். அதே விபத்துல இன்னொருத்தர் கிளெய்ம் போட்டிருக்கார். பாலத்துக்கு முந்தின ஊர்க்காரர், பெயின்டர். நீங்க உங்க கடிதத்துல எழுதினதை உறுதிப்படுத்தி ஒரு கையெழுத்து வேணும். இந்தத் தாள்ல. அவ்வளவுதான்."

"நான் எழுதினதுல எதை?"

அவர் கோப்பைத் திறக்காமலே சொன்னார். "பக்கத்து இருக்கையில எவரும் இல்லைங்கிறதை."

வெளியே அண்ணனின் கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் போய் அதை அணைத்துவிட்டு வந்தார்.

"அவர் என்ன சொல்றார்?" என்று நான்தான் கேட்டேன்.

"தூங்கிட்டாராம். தன் நிறுத்தத்தைத் தாண்டிட்டாராம். டிக்கெட் முடிஞ்சிட்டதால நடத்துனர் கண்ணுல படாம தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தாராம். மோதினப்ப பக்கத்துல இருந்த அம்மாவுக்குக் குறுக்கே கையை நீட்டியிருக்கார். கம்பி அந்தக் கை மேலதான் மொதல்ல இறங்கியிருக்கு. அன்னைக்கு வலி தெரியலையாம், அப்புறம்தான் தெரிஞ்சுது, தோள்பட்டை நரம்பு போயிடுச்சு. டிக்கெட் இல்லாம வந்ததுக்கு அபராதம் போடுவாங்கன்னு பயந்து, ஆம்புலன்ஸ் வந்ததும் நடந்தே போயிட்டாராம். இப்ப கை தூக்க முடியல. பிரஷ் பிடிக்க முடியல."

"நீங்க நம்புறீங்களா?"

"நான் நம்பறது நம்பாதது இல்லம்மா. அந்த வண்டியில அவர் இருந்ததுக்குச் சாட்சி இல்ல. பக்கத்துல இருந்தவங்களே இல்லேன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. ரொம்பத் தெளிவா." அவர் என்னைப் பார்க்கவில்லை.

அக்கா கையை நீட்டினாள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு அந்தப் பெயின்டரின் வாக்குமூல நகலைக் கொடுத்தார். அவள் ஜன்னலுக்குப் போய் வாசித்தாள். ஒரு வரியில் நின்று, அதை என்னிடம் காட்டினாள். 'அந்த அம்மா பிழைத்தாரா என்று எனக்குத் தெரியாது.'

"இதை மாத்திச் சொன்னா என்ன ஆகும்?" என்றார் அண்ணன். "கொடுத்ததைத் திருப்பிக் கேப்பீங்களா?"

"கேக்கலாம். கேக்காமலும் போகலாம். நான் சொல்ல முடியாதுங்க. டாக்டர் சர்டிபிகேட்டையே மறுபடி பார்க்கணும்பாங்க." வாசல்வரை போனவர் திரும்பினார். "நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் தாள் உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் போனபின் அண்ணன் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். முதல் முறையாக. கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"இன்னும் எட்டு மாச வைத்தியம் பாக்கி," என்றார் கைக்குள்ளிருந்து.

"தெரியும்ங்க."

"உனக்கு இன்னும் விரிசல் தெரியுதுதானே? அது பொய் இல்லையே? அதைச் சொல்லி எழுதலாமே. மாடி மேடம், ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது எழுத முடியாதா? அவருக்கும் கெடாம, நமக்கும் கெடாம?"

முடியும் என்றுதான் எனக்குத் தோன்றியது. வாக்கியங்கள் அதற்குள் வரிசையாக வரத் தொடங்கியிருந்தன. 'என் நினைவின் தன்மை காரணமாக' என்று ஆரம்பிக்கலாம். 'திட்டவட்டமாகக் கூற இயலாத நிலையில்' என்று முடிக்கலாம். நான் மாடிக்குப் போய்க் கோப்பையும் பேனாவையும் எடுத்து வந்தேன்.

அக்கா பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"நீ எழுத வேண்டாம்மா. நீ எழுதினா ரொம்ப நல்லா இருக்கும். நல்லா இருந்ததாலதான் நானே நம்பினேன்."

அவள் தரையில் உட்கார்ந்து, கோப்புக்காரர் கொடுத்த தாளைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் எழுதினாள். மெதுவாக எழுதினாள். மேலே தேதி இல்லை, பொருள் என்று இல்லை, கோப்பு எண் இல்லை. யாருக்கு என்றுகூட இல்லை. என் கை குறுகுறுத்தது. பின்னால் கட்டிக்கொண்டேன்.

முடித்ததும் அதை அண்ணனிடம் நீட்டினாள். அவர் படித்தார். எழுந்து கடைக்குப் போனார். திரும்பி வருவாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓர் உறையோடு வந்தார்.

"சாட்சின்னு கீழ ஒரு ஆள் போடணும்ல?" என்றார். "நான் புருஷன். நான் போட்டா செல்லாது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கோப்பில் இருந்த எல்லாத் தாளையும் எழுதியவள் நான். ஒன்றில்கூட என் கையெழுத்து இல்லை. நான் அந்தப் பேருந்தில் இருக்கவில்லை, அந்த மனிதரைப் பார்த்ததில்லை, எதற்குச் சாட்சி என்று தெரியவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு உட்கார்ந்து, போடும் முன் ஒரு தாளை வாசிக்க வேண்டும் என்பதால் வாசித்தேன்.

'அவர் இருந்தார். என் தலை அவர் கையில் இருந்தது. முன்னால் நான் எழுதிக் கொடுத்தது தப்பு. பணத்தைக் கேட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறோம். நான் பிழைத்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லவும்.'